கப்பல் ஏறுமுன் கண்டே தீர வேண்டிய ஏழு இடங்கள்

ஒரு துறைமுக நகரம் இருந்தது. அங்கே கடல் இருந்தது, கப்பல் இருந்தது, சுற்றுலாத் துறை அலுவலகமும் இருந்தது. முதல் இரண்டும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தன.

மாதம் ஒருமுறை அங்கிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கிளம்பும். பயணிகள் காலையில் பேருந்தில் வந்து இறங்குவார்கள், நேரே போய்க் கப்பலில் ஏறிவிடுவார்கள். ஊரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துறையின் ஆண்டறிக்கையில் "நகரைக் கண்டு களித்தோர்" என்ற கட்டம் வருடா வருடம் காலியாகவே இருந்தது. காலிக் கட்டத்தை எந்த இயக்குநரால் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஆணை பிறந்தது.

"கப்பலேற விழையும் ஒவ்வொரு பயணியும், ஏறுவதற்கு முன்னர், இந்நகரின் ஏழு காட்சித் தலங்களையும் உளமார வியந்து கண்டமைக்கு அத்தாட்சியாக ஏழு முத்திரைகள் பெற்றிருத்தல் வேண்டும்."

"உளமார" என்பதைத் துணை இயக்குநர் அழகுக்காகச் சேர்த்தார். உளமாரத்தானா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அதனால் வியப்பு ஆய்வாளர் என்றொரு பதவி உருவாயிற்று. அதனால் துணை இயக்குநரின் மைத்துனருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு சொல் வீண் போகவில்லை பாருங்கள்.

ஆணை பிறந்த இரண்டாவது மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவர் முப்பத்துநான்கு வருடம் ஓர் அலுவலகத்தின் பதிவறையைக் காத்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கண்டால் பசி மறந்துபோகும். அந்தம்மாள் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். இந்தப் பயணம் அவளுடைய ஏற்பாடு. கப்பல் தொடும் அடுத்த துறைமுகத்தில் அவள் தங்கை இருந்தாள். பார்த்துப் பதினோரு வருடம். இன்னும் பத்து நாளில் தங்கையின் மகன் அவளைக் கண் காணாத தேசத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறான். இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் ஒரு மாதம் கழித்து. இனிமேல் பார்ப்பது என்பது போட்டோவில்தான்.

கப்பல் நாலு மணிக்கு. அப்போது காலை பத்தரை. பெட்டிகளை வாங்கி அனுப்பிவிட்டு, பயணிகளை ஒரு கொடியின் பின்னால் நிறுத்தினார்கள். கொடியை வழிகாட்டி பிடித்திருந்தார். கழுத்தில் விசில். வியப்பு ஆய்வாளர் ஏட்டோடு கூடவே வந்தார்.

முதல் இடம் மணிக்கூண்டு. பெரிய தார்ப்பாய் போட்டு மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தது. தார்ப்பாயின் மேல் மணிக்கூண்டின் படம் அச்சடித்திருந்தது.

"மணிக்கூண்டு எங்கே?" என்றாள் டீச்சர்.

"உள்ளே இருக்கும்மா. பராமரிப்பு."

"எத்தனை நாளா?"

"நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். நானே பார்த்ததில்லை. ஆனா நிஜத்தைவிடப் படம் நல்லா இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க."

படத்தில் மணி பத்து பத்து. பதிவறைக்காரரின் கைக்கடிகாரத்தில் பத்தே முக்கால். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட புது ஜோடி ஒன்று நின்றது. மாப்பிள்ளை தார்ப்பாய்க்கு முதுகைக் காட்டிக் கைப்பேசியிடம் பேசினான். "மக்களே, வாழ்க்கையில ஒருதடவையாவது இங்க வந்து நின்னு பாருங்க. இந்த இடத்தோட ஃபீலே வேற." அவன் மனைவி தார்ப்பாயின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சாரம் மட்டும் தெரிந்தது. வழிகாட்டி விசில் அடித்தார். ஓர் இடத்துக்கு ஒதுக்கிய ஏழு நிமிடம் முடிந்தது. முத்திரை விழுந்தது.

இரண்டாவது, அருங்காட்சியகம். அன்று விடுமுறை. விடுமுறை அறிவிப்புப் பலகையை ஏழு நிமிடம் பார்த்தார்கள்.

மூன்றாவது கடற்கரை. அங்கே ஆள் உயரத்துக்கு "நான் இந்த ஊரை நேசிக்கிறேன்" என்று எழுத்துகளை நட்டு வைத்திருந்தார்கள். அதோடு நின்று படமெடுக்க ஒரு மணி நேர வரிசை. எழுத்துகள் நெருக்கமாக இருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

"அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் கடல்தான்."

நான்காவது இடம் துறையின் ஆணைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய மண்டபம். மற்றவர்கள் கொட்டாவி விட்டபோது பதிவறைக்காரர் மட்டும் ஒவ்வொன்றின் அடியிலும் கோப்பு எண்ணைப் படித்துப் படித்துக் கண் கலங்கினார். வியப்பு ஆய்வாளர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"என்னங்க, மணி ஒண்ணே கால்" என்றாள் மனைவி.

"பதறாதே. எல்லாம் முறைப்படி நடக்குது."

"முறைப்படி கப்பலும் போயிடும்."

ஐந்தாவது, பாரம்பரிய மீனவர் தெரு. மீனவர்கள் இருந்தால் தெரு அசுத்தமாக இருக்கிறது என்று அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, வீடுகளுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் இரண்டு பேர் மடியில் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"வலை கிழிஞ்சிருக்கா?" என்றாள் டீச்சர். தையல் தெரிந்தவள், கேட்காமல் இருப்பாளா?

"இல்லம்மா, புதுசு. தினமும் காலையில அவுப்போம், சாயங்காலம் முடிவோம்."

"மீன் பிடிக்கப் போறதில்லையா?"

"அது மீன்வளத் துறை. நாங்க சுற்றுலாத் துறை."

டீச்சர் சிரித்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. வியப்பு ஆய்வாளர் ஏட்டை மூடினார். படிவத்தில் குறைவு, மிதம், நிறைவு என்று மூன்று கட்டங்கள்தான். சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.

"வரிசைக் கடைசியில போய் நின்னு மறுபடி பாருங்கம்மா. வாயை லேசாத் திறந்து, புருவத்தைத் தூக்கணும். உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அழகா வியக்கிறார், பாருங்க."

"பார்த்துத்தான் முப்பத்தோரு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கடைசியில் போய் நின்றாள். வாயைத் திறந்து, புருவத்தைத் தூக்கி, முத்திரை வாங்கி வரும்போது மணி இரண்டரை.

ஆறாவது, ஊரிலேயே பழமையான மரம். அதைப் பார்க்க வருகிறவர்களின் பேருந்துகளை நிறுத்த இடம் போதாமல் மரத்தை வெட்டியிருந்தார்கள். பேருந்து நிறுத்தம் விசாலமாக இருந்தது. முத்திரை.

மூன்று மணிக்குக் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய காட்சிக் கோபுரம். கீழே கப்பல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. கல்லெறிந்தால் படும் தூரம். டீச்சருக்கு உயிர் வந்தது.

"இங்க எதைப் பார்க்கணும்? சீக்கிரம் சொல்லுங்க."

வழிகாட்டி காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "கோபுர மேடையினின்று, விடைபெற்றுச் செல்லும் கப்பலின் எழில்மிகு காட்சி."

"எந்தக் கப்பல்?"

"நாலு மணிக் கப்பல்தான். இங்க வேற எது இருக்கு?"

"அது நாங்க ஏற வேண்டிய கப்பல்."

"ஆமாம்மா."

"அது போறதைப் பார்த்தாத்தான் அதுல ஏற முடியுமா?"

"பார்த்துட்டு வந்து ஏறுங்க. முத்திரை குத்த ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

"போன மாசம் யாராவது ஏறினாங்களா?"

"போன மாசம் நூத்துக்கு நூறு பேர் ஏழு இடமும் பார்த்தாங்க. ஏறினவங்க விவரம் துறைமுகத்துல கேட்கணும். எங்க துறை பார்க்கிறதோட சரி."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவர் வரிசையில் நல்ல இடம் பிடித்திருந்தார்.

அப்போது கீழே ஒரு தள்ளுவண்டி போயிற்று. அதில் பெட்டிகள். அவர்களுடைய பச்சைப் பெட்டியும் மேலே உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், கப்பலுக்குள் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் படியிறங்கி நேரே சாமான் அறைக்குப் போனாள். சாமான் அறைக்காரர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"பெட்டியெல்லாம் ஏழு இடம் பார்க்க வேண்டாமா?"

"அதென்னம்மா பார்க்கும்? விதி பயணிக்குத்தான். சாமானுக்கு இல்ல."

"சாமான்னா என்னன்னு விதியில இருக்கா?"

அவர் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். விதி பன்னிரண்டு-ஆ. "பயணி ஒருவரால் உடன் கொண்டுவரப்பட்டு, அவரது கையொப்பத்துடன் ஒப்படைக்கப்படும் எதுவும்."

"என்னை ஒருத்தர் உடன் கொண்டுவந்திருக்கார்" என்றாள் டீச்சர். "எழுதிக்கோங்க."

சாமான் அறைக்காரர் நல்ல மனிதர். அதோடு, புத்தகத்தில் இருப்பதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். படிவத்தை எடுத்தார்.

"உடையக்கூடியதா?"

"முப்பத்தோரு வருஷமா உடையல."

"கசியுமா?"

"எப்பவாவது. யாரும் பார்க்காதப்ப."

"மேலே எதையும் அடுக்கலாமா?"

"அடுக்கி அடுக்கித்தான் இந்த நிலைமை. வேண்டாம்னு எழுதுங்க."

உரிமையாளர் கையொப்பம்தான் பாக்கி. படிவத்தோடு அவள் மேலே ஏறினாள். பதிவறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார்.

"சாமானாவா போறே? விதி இடம் கொடுக்குதா?"

"பன்னிரண்டு-ஆ."

"அப்ப சரி. ஆனா தேதி போடாம விட்டிருக்காங்க பாரு." தேதியைப் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

"நீங்களும் வாங்களேன். ரெண்டு சாமானாப் போயிடலாம்."

"ஆறு முத்திரை வாங்கியாச்சு. ஒண்ணே ஒண்ணுக்காக விட்டுட்டு வரச் சொல்றியா? நான் முறைப்படி வர்றேன். நீ முன்னாடி போ."

அவள் இறங்கும்போது ஜோடிச் சட்டைப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, அந்தப் படிவம் எங்க குடுக்கிறாங்க?" அவளுக்குப் பின்னால் இன்னும் யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. மேடையில் நின்றவர்களுக்குக் காற்று கொஞ்சம் தாராளமாக வந்தது. யாருக்கும் ஏன் என்று தோன்றவில்லை. நீட்டிய படிவத்தில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் கைப்பேசியை நீட்டி, நல்ல கோணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. எழில்மிகு காட்சி ஆரம்பமாயிற்று. தங்கள் கப்பல் தங்களை விட்டுவிட்டு மெல்ல நகர்வதைக் கண்டதும் மேடையிலிருந்த அத்தனை பேருக்கும் வாய் திறந்தது, புருவம் ஏறியது. வியப்பு ஆய்வாளர் யாரையும் தனியாகச் சோதிக்கவில்லை. மொத்தமாக "நிறைவு" என்று எழுதினார். மற்ற இடங்களில் எப்படியோ, இந்த இடத்தில் இதுவரை ஒருவருக்கும் வியப்பு குறைந்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். "மக்களே, செம மொமெண்ட்" என்றான் ஜோடிச் சட்டைக்காரன்.

பதிவறைக்காரர் ஏழு முத்திரையோடு துறைமுக வாயிலுக்கு வந்தார். வாயில் அலுவலர் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். எழுந்து நின்று கதவைத் திறந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். தாராளமா ஏறுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது.

"கப்பல் இல்லையே."

"கப்பல் வேற பிரிவு சார். நாங்க கதவு."

இரண்டு நாள் கழித்து அடுத்த துறைமுகத்தில் சாமான்களை இறக்கினார்கள். தங்கை குடையோடு காத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை. நடுவில் இருந்த எழுத்தர் கையை நீட்டித் தடுத்தார்.

"உரிமையாளர் ரசீதோட வரணும்மா."

"அவர் வராம எடுத்துட்டுப் போனா?" என்றாள் தங்கை.

"அது திருட்டு."

"பிடிப்பீங்களா?"

"பிடிக்கிறது போலீஸ் வேலை. நாங்க 'காணவில்லை'ன்னு எழுதுவோம்."

"எழுதிக்கோங்க." தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள், திருடிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியெல்லாம் திருட்டுப் பொருள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போயிற்று. பதினோரு வருடத்துப் பாக்கி அல்லவா?

அன்று மாலை டீச்சர் கணவனுக்குப் போன் செய்தாள். "வந்து சேர்ந்துட்டேன். தங்கச்சி பக்கத்துலதான் இருக்கா."

"அது சரி. ஆனா பதிவுல நீ காணாமப் போயிருக்கேன்னு கைப்பேசிக்குத் தகவல் வந்திருக்கு. நீ பாட்டுக்குப் பேசினா எப்படி? இரு, முதல்ல மனு போடறேன்."

மனுப் படிவம் ஒரே பக்கம்தான். பெயர், முகவரி, ரசீது எண் எல்லாம் மணி மணியாக எழுதினார். அடுத்தது, "காணாமற்போன பொருளின் அடையாளங்கள்." அங்கே பேனா நின்றது.

உயரம்? ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்தவள் அவள். அவளுடைய அளவை யாரும் எடுத்ததில்லை. அன்று என்ன நிறத்தில் புடவை? முகத்தில் மச்சம் ஏதாவது உண்டா? அவர் நேர்மையானவர், தெரியாததை எழுத மாட்டார். கைப்பேசியைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. தார்ப்பாய் மட்டும் நாற்பது. "நேசிக்கிறேன்" என்பதன் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது அவளுடையதாக இருக்கலாம் என்று பட்டது, ஆனால் உறுதியில்லை.

கடைசியில் பதிவறை அனுபவம் கை கொடுத்தது. நிறம்: வழக்கமானது. உயரம்: வழக்கமானது. தனி அடையாளம்: இல்லை. மூன்று பிரதி எடுத்து அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்துவிட்டது.

"ஐயா, தங்கள் மனு கிடைக்கப்பெற்றோம். மேற்படி கப்பலில் பன்னிரண்டு-ஆ விதியின் கீழ் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் காணாமற்போனவை மொத்தம் நாற்பத்தொன்று. அவற்றின் உரிமையாளர்கள் நாற்பத்தொருவரும் இதே அடையாளங்களையே எழுதியிருப்பதால், எது யாருடையது என்று பிரித்தறிய இயலவில்லை. தங்களுடையதை மற்ற நாற்பதிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் ஏதேனும் ஒன்று நினைவுக்கு வந்தால் தெரிவிக்கவும். அவசரமில்லை. மற்ற நாற்பது பேரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்."