கங்கை இறங்கிய தெரு

மாலை நாலு இருபதுக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. எங்கள் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் அந்த நேரத்துக்குக் குழாயிலேயே சொட்டு வராது. படம் வரைகிறேன் என்று ஒரு தெருவையே ஓடவிட்ட மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்தில் எங்கள் டிராமா பெயிண்டர் ஒருவர்தான்.

பிழைப்புக்குப் படகுகளில் நம்பர் எழுதுவார். மற்ற நேரமெல்லாம் புராணப் பெண்கள். தெருப் பெண்களைப் பிடித்து அட்டைக் கிரீடம் வைத்து, வசனம் பேச வைத்துத்தான் வரைவார். வாயை மூடி நின்றால் முகம் செத்துப்போகுமாம். மீன் விற்கும் தெலுங்கு அம்மாள் திரௌபதியாக நின்றபோது, “அரே தீதி, குஸ்ஸா திகாவோ” என்று இவர் இந்தியில் கோபத்தைக் காட்டச் சொல்லித் தூண்டிவிட, அந்தக் கோபம் இறங்கப் பத்து நாளாயிற்று. அதுவரை அபர்டீன் பஜாரில் யாரும் அவளிடம் பேரம் பேசவில்லை.

ஒருநாள் என் மகளைக் கங்கையாக வரையவேண்டும் என்று வந்து நின்றார். முடியாது என்றேன். சுனாமி அன்று தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போனபோது, முடியைப் பிடித்துத்தான் மீட்டேன். அதற்கப்புறம் பதினொன்றாம் வகுப்பு வந்தும், நான் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். அப்போதும் கண்ணை மூடமாட்டாள். சோப்பு எரிந்து அழுவாள்.

பெயிண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கங்கைக்கும் எறங்கறப்போ பயமாத்தான்க்கா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு இருபதுக்கு அவள் சிநேகிதி வீட்டில் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். தண்ணீர் வாசலில் புரண்டதும் யாரோ “பானி!” என்று கத்த, தெருவே மேட்டு மைதானத்துக்கு ஓடியது. கடல் கீழே இருக்கிறது, தண்ணீரோ மேலேயிருந்து வருகிறது என்று யோசிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிவி ரிமோட்டோடு ஓடிவந்திருந்தார். என் கையில் குக்கர் மூடி.

மைதானத்தில் அந்தச் சிநேகிதி தனியாக நின்றாள். “அவ இன்னிக்கு எங்க வீட்டுக்கே வரல, ஆன்ட்டி.”

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் முடி என் விரல்களில் சுற்றியிருந்த அந்தச் சுனாமிக் காலைநேரம் திரும்பி வந்துவிட்டது.

அப்போது சரிவில் அட்டைக் கிரீடம் ஒன்று ஏறிவந்தது. கீழே மை வழிந்த முகம், சொட்டச் சொட்ட நனைந்த கூந்தல். பெயிண்டர் தன் வீட்டு மாடித் தொட்டியைத் திறந்துவிட்டு அவள் தலையில் கங்கையை இறக்கியிருக்கிறார். மிச்சம்தான் தெருவில் ஓடியது.

“கண்ண மூடிட்டுத்தாம்மா நின்னேன்” என்றாள். “தொறந்து பாத்தா தெருவுல ஒருத்தரும் இல்ல. நீ எங்க போன?”

குக்கர் மூடியைக் கீழே வைக்காமலே அவளைக் கட்டிக்கொண்டேன். பெயிண்டரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

கடைசியாக அவரே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், காதில் தூரிகையோடு.

“அக்கா, தொட்டில இன்னும் ஒரு பக்கெட் தண்ணி இருக்கு. நீங்களே வந்து ஊத்துங்க.”