இரட்டை மரத்துக்கு ஒரு மேசை

வீட்டுக்குள்ளேயே எனக்கென்று ஓர் ஆபீஸ் அறை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது. கல்யாணமான ஆண்களின் பெரிய முடிவுகளெல்லாம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எடுக்கப்படுகின்றன.

காரணம் இருந்தது. புது ரைஸ் குக்கர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, "முதல் முறை உபயோகிக்கும் முன் பாத்திரத்தைக் கழுவவும்" என்று? அதை எழுதுவது நான்தான். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். என் மனைவியும் படித்ததில்லை. அந்தப் புத்தகங்களை எழுதும் எங்கள் ஆபீஸை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் யூன் லாங்குக்கு மாற்றுகிறார்கள். எங்கள் சாய் வான் ஹோவிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அது வேண்டாதவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வேலை செய்ய முறையான இடம் இருப்பதைப் படம் பிடித்து மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

மேசை வாங்கலாம். நாற்காலி வாங்கலாம். இடத்துக்கு எங்கே போவது? பதினேழாவது மாடியில் நானூற்றுப் பத்து சதுர அடி எங்கள் வீடு. சோம்பல் முறித்தால் ஒரு கை சுவரிலும் இன்னொரு கை மனைவியின் கன்னத்திலும் படும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

இடம் இல்லாமலும் இல்லை. படுக்கையறை போக ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் நாலு பேர் உட்கார்ந்து கட்டை ஆடும் மாஜாங் மேசை இருக்கிறது. மேசையைச் சுற்றி வாரத்துக்கு மூன்று நாள் என் மனைவி சௌ-லிங்கும் அவள் தோழிகள் மூன்று பேரும் இருக்கிறார்கள். தலைவி பக்கத்து வீட்டு சீட்டோ அக்கா. பேர்தான் சீட்டோ; ஆடுவது சீட்டு அல்ல, மாஜாங் கட்டை. அந்தக் கட்டைகளைக் கலைக்கும் சத்தம் கேட்டால் மலை சரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் மாடிப்படியில் இறங்கி ஓடுவார்கள்.

"சின்ன ரூமை எனக்குக் குடு" என்று நேராகக் கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்று யூன் லாங்குக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் நான் சுற்றி வளைத்து வரத் தீர்மானித்தேன். ஃபெங் சுய் வழியாக.

ஃபெங் சுய் என்றால் காற்றும் நீரும்; வீட்டில் எது எந்தத் திசையில் இருக்கலாம் என்று சொல்லும் சாஸ்திரம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சௌ-லிங்குக்கு உண்டு என்று நினைத்திருந்தேன். எங்கள் பாஷையில் நாலு என்பது சாவு மாதிரி ஒலிக்கும்; நாலாம் நம்பர் மேசை என்றால் ஹோட்டலில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஆகவே நூலகத்தில் ஐந்து புத்தகங்கள் எடுத்து வந்தேன். நோக்கம் ஒன்றே ஒன்று: 'கணவன் உட்காரும் இடம் சின்ன அறை' என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

இங்கேதான் ஒரு விபத்து நடந்தது. புத்தகங்கள் சுவாரசியமாக இருந்தன.

எங்கள் சோபாவில் உட்கார்ந்தால் எனக்கு ஏன் ஐந்தே நிமிடத்தில் தூக்கம் வருகிறது? புத்தகத்தில் பதில் இருந்தது. எதிர்க் கட்டடத்தின் மூலை கத்தி மாதிரி எங்கள் ஜன்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பது நல்லதா? அதற்கும் பதில் இருந்தது, நல்லதில்லை. கையில் ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஃபிரிட்ஜ் பக்கம் போனால் முள் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. ஏன்? வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, மனதில் என்ன தோன்றுகிறது என்று நோட்டில் எழுதினேன். தெற்கு மூலை: முதுகு வலி. மேற்கு மூலை: வறுத்த வாத்து ஞாபகம். கழிவறை: மிக நல்ல யோசனைகள், ஆனால் அதிர்ஷ்டம் ஒழுகிவிடுமாம்.

சீட்டோ அக்கா இதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன லிங், உன் வீட்டுக்காரர் மூலைமூலையா உக்காந்து எந்திரிக்கிறார்? தண்டனை குடுத்திருக்கியா?"

"நான் இன்னும் குடுக்கலக்கா. அவரே ஆரம்பிச்சிட்டார்."

இன்னொன்றும் தெரிந்தது. நான் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. எங்கள் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு ஒரு மிருகமும் ஐம்பூதங்களில் ஒன்றும் உண்டு; அது மர முயல் வருஷம். முயலுக்கே மரம்தான் பூதம், வருஷமும் மரம். ஆக நான் இரட்டை மரம். சௌ-லிங் மூன்று வருஷம் இளையவள். மண் குதிரை. ஐந்து பூதங்களில் மரம் மண்ணை அடக்கும் என்று அச்சிட்டே இருந்தது. அந்தப் பக்கத்தில் காகிதம் மடித்து வைத்தேன். அதை மூன்று முறை படித்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் இந்தத் தகவலை யாரோ என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை புது மேசை வந்தது. இரண்டரை அடி அகலம். சௌ-லிங்கைக் கூப்பிட்டேன்.

"லிங், நான் ஆராய்ச்சி பண்ணிட்டேன். வேலை செய்யுறவன் கட்டளை இடத்துல உக்காரணும்."

"கட்டளை இடமா? அப்படின்னா?"

"முதுகுக்குப் பின்னால கெட்டிச் சுவர். கண்ணுக்கு எதிரே கதவு. வர்றவன் போறவன் எல்லாம் தெரியணும். ராஜா உக்கார்ற மாதிரி. அந்த இடம் நம்ம வீட்ல சின்ன ரூம்தான்."

சண்டைக்குத் தயாராக ஒரு கால் பின்னால் வைத்து நின்றேன். அவளோ, "அப்படியா? எடுத்துக்கோங்க. உங்க நல்லதுக்குத்தானே" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மாஜாங் மேசையை அவளே மடித்தாள். என் மேசையை அவளே ஒரு பக்கம் தூக்கினாள். கிழக்குச் சுவரோரம் போட்டோம். நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். அவள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் விளிம்பில் சாய்ந்தாள்.

"எனக்கும் தெரிஞ்சுக்கணும் போல இருக்குங்க. முதுகுக்குப் பின்னால சுவர் வேணும், சரி. அந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கலாம்?"

"என்ன வேணா இருக்கலாம். கக்கூஸ் மட்டும் இருக்கக் கூடாது."

"அந்தப் பக்கம் சீட்டோ அக்கா வீட்டு..."

அதே நேரம் சுவருக்குப் பின்னால் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. என் முதுகு சில்லிட்டது. மேசையை வடக்குச் சுவருக்கு மாற்றினோம்.

"இங்க நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. தலைக்கு மேல உத்தரம் போகுதே, அது பரவாயில்லையா?"

நிமிர்ந்து பார்த்தேன். கான்கிரீட் உத்தரம் நேராக என் உச்சந்தலைக்கு மேல். உத்தரத்தின் கீழ் உட்கார்ந்தவனைச் சுமை அமுக்கும் என்று நானே பென்சிலில் அடிக்கோடு போட்டிருந்தேன். தெற்குப் பக்கம் ஜன்னல். முதுகுக்குப் பின்னால் வெறும் ஆகாயம், தாங்கிப் பிடிக்க மலை இல்லை, எதிர்க் கட்டடத்துக் கத்தி வேறு. மிச்சம் மேற்குச் சுவர். அதில்தான் கதவு.

"கதவுக்கு முதுகு காட்டி உக்காந்தா?" என்று கேட்டாள்.

"கூடாது. முதுகுல குத்திடுவாங்கன்னு போட்டிருக்கு."

"யாரு குத்துவா? வீட்ல இருக்கிறதே நீங்களும் நானும்தான்."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் கோபப்படவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். "நடு ரூம்ல போட்டா?"

"நாலு பக்கமும் ஆதரவு இல்லாம போயிடும். நடுவுல உக்காரணும்னா நாலு திசைக்கும் ஆள் வேணும்" என்று சொன்ன பிறகுதான் என் வாய் என்ன செய்தது என்று எனக்கே தெரிந்தது.

சௌ-லிங் கண்களை அகல விரித்தாள். "ஆச்சரியமா இருக்குங்க. மாஜாங்ல நாங்க கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குன்னுதானே உக்கார்றோம்? ஆட்டத்துல அந்தத் திசைகளுக்குக் காத்துன்னுதான் பேரு. நாலு காத்தும் வந்துடுது."

தோற்றுக்கொண்டிருந்தேன். ஆனாலும் பதறவில்லை. யௌ சிஃபுவின், அதாவது யௌ குருவின், போன் நம்பர் என்னிடம் இருந்தது. முப்பது வருஷமாக ஃபெங் சுய் பார்ப்பவர். இடம் குறிப்பதில் எங்கள் பேட்டையில் அவர் சொன்னால் சொன்னதுதான். தெருவில் இறங்கிப் போய் போன் செய்தேன்.

"சிஃபு, நாளைக்கு வரணும். வந்து சின்ன ரூம்னு சொல்லிடணும். அவ்வளவுதான்."

"தம்பி, திசைகாட்டி சொல்றதைத்தான் நான் சொல்லுவேன்" என்றார்.

இதற்கு 'சரி' என்று அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் யௌ சிஃபு வந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திசைகாட்டி, அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி வளையம் வளையமாக எழுத்து. சௌ-லிங் அவருக்கு வாதுமைத் தேநீர் கொடுத்தாள். அவர் வீடு முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். என் திட்டத்தை நான் கொஞ்ச நேரம் மறந்தே போனேன் என்று சொல்ல வேண்டும்.

"சிஃபு, இந்த வளையம் என்ன?"

"இருபத்துநாலு மலை. திசைகளுக்கு அப்படிப் பேரு."

"ஃபிரிட்ஜ்கிட்ட முள்ளு ஏன் சுத்துது?"

"ஃபிரிட்ஜ்ல காந்தம் இருக்கு, தம்பி."

சின்ன அறையில் நின்று சுற்றிப் பார்த்தார். நான் கண் சிமிட்டினேன். கண்ணில் தூசியா என்று கேட்டார். "நாலு பேர் கூடிப் பேசுறதுக்கு நல்ல ரூம். ஒத்தை ஆளுக்கு ஆகாது" என்றார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

"வீட்டுக் கோளாறு இங்கதான் இருக்கு. இந்தப் பக்கம் அடுப்பு, நெருப்பு. அந்தப் பக்கம் குழாய்த் தொட்டி, தண்ணி. ரெண்டும் முகத்தோட முகம் முறைக்குது. இந்த வீட்ல சண்டை உண்டா?"

"சண்டைங்கிற பேச்சே இல்ல சிஃபு" என்றாள் சௌ-லிங்.

"நடுவுல ஏதாவது மரம் வைக்கணும்மா. தண்ணி மரத்தை வளர்க்கும். மரம் நெருப்பை வளர்க்கும். ரெண்டுக்கும் சமாதானம் ஆயிடும். பச்சைதான் மரத்தோட நிறம், சின்னதா ஒரு பச்சைக் கால் மிதியடி போட்டாக்கூடப் போதும்."

"மிதியடிதான் வைக்கணுமா சிஃபு?" சௌ-லிங் குழந்தை மாதிரி கேட்டாள். "ஆளை வெச்சா ஆகாதா?"

சிஃபு திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் புது வெளிச்சம். "முப்பது வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல. மர ஆளா இருந்தா மிதியடியைவிட உசத்திதான். யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர் மர முயல்."

"எழுபத்தஞ்சா? அடடா! இரட்டை மரம்!"

"அதுல அவருக்கு ரொம்பப் பெருமை சிஃபு. புத்தகத்துல அந்தப் பக்கத்துக்குக் காகிதம் மடிச்சு வெச்சிருக்கார்."

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "சமையல்கட்டுல மேசை போட இடமே கிடையாது சிஃபு."

"பழைய வாஷிங் மெஷின் போனமாசம் ரிப்பேராகித் தூக்கிட்டுப் போனாங்களே, அந்த இடம் இருக்கு" என்றாள் அவள். "ரெண்டடி எட்டங்குலம்."

அளவுநாடா எதையும் அவள் எடுக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள். என் மேசை இரண்டரை அடி.

சிஃபு இடத்தைப் பார்த்தார். பின்னால் கெட்டிச் சுவர். மேலே உத்தரம் இல்லை. உட்கார்ந்தால் சமையலறை வாசலும் தெரியும், அதைத் தாண்டி வீட்டு வாசல் கதவும் தெரியும். "இந்த வீட்ல இதைவிடக் கட்டளை இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லிஃப்ட்வரை போய் அவரைப் பிடித்தேன்.

"என்ன சிஃபு இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்ன தம்பி பண்ணேன்? உங்க வீட்டம்மா கேட்ட கேள்வியை இன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிக்கப் போறேன். எவ்வளவு அழகான கேள்வி!" லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

கட்டளையில் கால் வைத்தவன் அடுக்களையில் வந்து நின்றேன்.

படம் எடுத்து அனுப்பினேன். நிராகரிப்பார்கள் என்று ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் யூன் லாங் பயம். மறுநாளே பதில் வந்தது. "ரைஸ் குக்கரின் பக்கத்திலேயே உட்கார்ந்து ரைஸ் குக்கர் கையேடு எழுதும் முதல் ஆள் நீங்கள்தான். நிர்வாகம் பாராட்டுகிறது." இதில் வேடிக்கை என்னவென்றால் வேலை உண்மையாகவே நன்றாக நடந்தது. நீராவி எந்த ஓட்டையிலிருந்து எப்போது வருகிறது என்று பதினைந்து வருஷமாகப் பார்க்காமலே எழுதி வந்திருக்கிறேன். இப்போது பார்த்து எழுதினேன். காற்றா, நீரா, எது வேலை செய்கிறது? எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்றாம் நாள் சௌ-லிங் வந்து ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"மரம் சும்மா உக்காந்திருந்தா பத்தாதுங்க, நெருப்பை வளர்க்கணும். தாமரைக்கிழங்கு சூப். ரெண்டு மணி நேரம் கொதிக்கணும். அப்பப்போ கிளறிவிடுங்க."

சின்ன அறையில் மலை சரிய ஆரம்பித்தது. நாலு காற்றும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். நான் ஒரு வரி எழுதினேன், ஒரு தடவை கிளறினேன். கண்ணாடியில் நீராவி படர்ந்தது. தொட்டிக்கு மேலிருக்கும் ஜன்னலைத் திறந்தேன். அந்த ஜன்னல் கட்டடத்தின் நடுவிலிருக்கும் வெளிச்சக் குழியைப் பார்த்தது. நான் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை.

கையெட்டும் தூரத்தில் எதிர் ஜன்னல். அதில் சீட்டோ அக்காவின் கணவர். முன்னால் லேப்டாப். கையில் கரண்டி.

"வாங்க மாக்" என்று என் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். "நீங்க எந்தப் பூதம்?"

"மரம். இரட்டை மரம். நீங்க?"

"உலோகம். கத்தி, கரண்டி இருக்கிற இடத்துலதான் எனக்கு யோகமாம். ரெண்டு வருஷம் ஆகுது." கீழே கண்ணைக் காட்டினார். "அவர் மண்ணு. காய்கறி அவர் பொறுப்பு."

எட்டிப் பார்த்தேன். பதினாறாவது மாடி ஜன்னலில் டை கட்டிய ஒருவர், வீடியோ மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டே மேசைக்கடியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க! அடிபிடிக்கிற வாசனை வருது!" என்று எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் அவரவர் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தோம்.