பேர் எழுதாத மனு

தம்பி ரசலையன் வீட்டு வாசலில் வேட்பாளரின் மோட்டார் கார் நிற்பதைப் பார்த்ததும் ஞானையனுக்கு வயிறு எரிந்தது.

திருவிதாங்கூர் மேல்சபைக்கு எலக்சன். நிலவரி நிறையக் கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. இரணியல் பக்கத்தில் அப்படிப் பத்துப் பேர் தேறினால் பெரிய காரியம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கூட்டுப் பட்டாவாகக் கிடந்த தென்னந்தோப்புக்கு ஓட்டு வந்திருந்தது. ஒன்றே ஒன்று.

"மூத்தவன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். ஓட்டு அவனுக்கா?"

தாலுகா கச்சேரிச் சுவரில் ஓட்டு லிஸ்ட் ஒட்டியிருக்கிறதாம், ஒருக்கா பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று மனைவி ராகேல் கேட்டாள்.

"அவன் பேரைப் படிச்சு என் கண்ணை அவிச்சிக்கிடணுமாட்டி?" என்று சீறினார்.

மறுநாள் ரசலையன் வேட்பாளரையே கூட்டிக்கொண்டு இவர் படலைத் திறந்து வந்தான். பவுசு காட்ட வருகிறான் என்று ஞானையன் கதவைச் சாத்திக்கொண்டு, குளச்சலுக்குப் போயிருப்பதாக ராகேலைச் சொல்ல வைத்தார். வேட்பாளர் திரும்பிப் போய்த் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். தாரா வாத்துக்கறி வாசனை வேலி தாண்டி வந்தது. ஞானையனுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

பொறாமை பிடித்தவனுக்குச் சட்டமும் தெரிந்துவிடும், பாருங்கள். பங்காளிகள் ஒற்றுமையாக இல்லாவிட்டால் கூட்டுப் பட்டா ஓட்டு ரத்தாகும் என்று எங்கோ கேட்டார். உடனே தாசில்தாருக்கு ஒரு மொட்டை மனு எழுதினார். தன் பேரைத்தான் எழுதவில்லை என்றால், தம்பி பேரையும் எழுத மனம் வரவில்லை. எழுதினால் பேனா தீட்டுப்பட்டுப் போகுமாம். 'மேற்படி தோப்பின் ஓட்டுக்காரர் கூடப்பிறந்தவன் நன்றாயிருந்தால் பொறுக்காதவர், வீடு தேடி வருகிறவனுக்கும் கதவைச் சாத்துகிறவர்' என்று மட்டும் இருந்தது.

இரண்டு வாரத்தில் ஓட்டு ரத்து என்று சேதி வந்தது. ராகேலிடம் கோழி அடிக்கச் சொல்லிவிட்டு, லிஸ்டில் கோடு போட்டு அடித்த பேரைக் கண்ணாரப் பார்க்கத் தாலுகா கச்சேரிக்கு ஓடினார். ரசலையன் பேரைக் காட்டச் சொன்னதும் குமாஸ்தா கிளீட்டஸ் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரசலையனா? லிஸ்டுல இருந்தது உம்ம பேருல்லா வேய். மூத்தவருக்கே இருக்கட்டும்னு அவருதான் எழுதிக் குடுத்தாரு. எவனோ உம்ம மேல மனு போட்டுட்டான். விசாரிச்சா, அத்தனையும் நேருதான், உள்ளதுதான்னு ஊரே சொல்லிச்சு. எங்க அண்ணன் அப்படிப்பட்டவரு இல்லன்னு சண்டை பிடிச்சது உம்ம தம்பி ஒருத்தருதான்."