கோல்கீப்பருக்கு ஒரு பாஸ்போர்ட்

“ஜெபகுமார்னு இங்க யாரும் இல்ல சார்,” என்றாள் மெர்சி.

வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற கான்ஸ்டபிள் நாகப்பன், கையிலிருந்த தாளையும் கதவு நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சேரப்பணஞ்சேரி, மாதா கோயில் தெரு, பன்னெண்டு. இதானம்மா?”

“நெம்பரு இதான். ஆளு இல்ல.”

“உங்களுக்குப் புள்ளைங்களே கிடையாதா?”

“ரெண்டு பொண்ணுங்க. கட்டிக் குடுத்தாச்சு.”

நாகப்பனின் பார்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோல்கீப்பர் கையுறைகளில் போய் நின்றது. “அது இன்னா?”

“அடுப்புலேர்ந்து சோத்துப் பானை எறக்கறதுக்கு,” என்றாள் மெர்சி.

நாகப்பன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார். ஒரு பெண்பிள்ளையாகத் தனியாக நின்று போலீசையே திருப்பி அனுப்பியதில் மெர்சிக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

காரணம் இல்லாமல் அவள் பொய் சொல்லவில்லை. போன மாதம் சுங்குவார்சத்திரம் மைதானத்தில் நடந்த செமி ஃபைனலில் அவள் மகன் பந்தைக் குத்தப் போய், எதிர் அணி சென்டர் ஃபார்வர்டின் முன்பல்லையும் சேர்த்துக் குத்தியிருந்தான். பல்லுக்காரன் போலீசுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வந்த ஜெபகுமாரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“எதுக்கு வந்தாராம்மா?”

“நான் கேக்கல. கேட்டா உன்னிய தெரிஞ்சவ மாதிரி ஆயிடுமே.”

“கையில இன்னா வெச்சிருந்தாரு?”

“ஒரு பேப்பரு. அதுல உன் போட்டோ ஒட்டிகினு இருந்துச்சு. திருட்டுப் பய போட்டோ கணக்கா.”

ஜெபகுமார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அது அவன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை உண்டென்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

வயது பத்தொன்பது. சுங்குவார்சத்திரம் பக்கம் சுவிட்சு செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. லைனிலிருந்து வீசும் அட்டைப்பெட்டிகளை ஒன்றுகூடத் தவறவிடாமல் பிடிப்பான் என்பதற்காகத்தான் கம்பெனி டீமில் கோல்கீப்பர் ஆக்கினார்கள். ஒரே வருஷத்தில் மெட்ராஸ் லீக்கில் பேர் வாங்கினான். அடுத்து மாநில ஜூனியர் அணி. இப்போது, 1991 செப்டம்பரில், தில்லியிலிருந்து தந்தி. இந்திய ஜூனியர் அணி வெளிநாடு போகிறது. உரிய பயண ஆவணங்களுடன் அக்டோபர் பத்தாம் தேதி முகாமுக்கு வரவும். அவன் வராவிட்டால் கல்கத்தா பையன் ஒருவன் தயாராக இருக்கிறான் என்றும் காதில் விழுந்திருந்தது. இரண்டு வாரமாக ஜெபகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு ஆசை.

ஊரே அவனை ஃபாரின் போகிற பையன் என்று கூப்பிட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு காந்திமதி ஃபாரின் சென்ட் ஒரு பாட்டில் கேட்டிருந்தாள். எந்த ஃபாரின் என்று யாரும் கேட்கவில்லை. ஃபாரின் என்றால் ஃபாரின்தான்.

மறுநாள் காலை அவன் வெல்ஃபேர் ஆபீசர் வரதராஜன் முன்னால் போய் நின்றான். வரதராஜன்தான் கால்பந்து அணியின் மேனேஜரும். தந்தியில் ‘பயண ஆவணங்கள்’ என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, “அப்படின்னா பாஸ்போர்ட்” என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். ஒரு தடவை ஜப்பான் போக இருந்து போகாமல் நின்றவர் என்பதால், வெளிநாட்டு விஷயத்தில் அவர் பேச்சுக்குக் கம்பெனியில் மறுபேச்சு கிடையாது.

அவர் மேஜைக்கு முன்னால் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கேட் கூர்க்கா தன்பகதூர். பன்னிரண்டு வருஷமாக அதே கேட். சாயந்திரம் ஜெபகுமார் பயிற்சி செய்யும்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவதும் அவர்தான்.

“சார், லீவு லெட்டர்,” என்றார் தன்பகதூர். “தசராவுக்கு ஊருக்குப் போவணும்.”

“இருய்யா. மொதல்ல இந்தியாவ அனுப்பி வெப்போம். அப்புறம் உன்னை அனுப்பலாம்.”

தன்பகதூர் லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார். ஜெபகுமார் நடந்ததைச் சொன்னான்.

“இவ்ளோதானே?” என்றார் வரதராஜன். “அந்தக் கான்ஸ்டபிளை இங்க வரச் சொல்லு. நீ யாருன்னு நான் ப்ரூவ் பண்றேன்.”

மூன்றாம் நாள் நாகப்பன் வந்தார். வரதராஜன் அவருக்கு டீ, பிஸ்கட் எல்லாம் வைத்து, இரண்டு அத்தாட்சிகளை எடுத்து நீட்டினார். ஒன்று, ஜெபகுமாரின் டைம் கார்டு. வேலைக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறான் என்பதற்கு. இன்னொன்று, நேரு ஸ்டேடியத்தில் அவன் பெனால்டியைப் பிடித்தபோது பேப்பரில் வந்த படம்.

நாகப்பன் நிதானமானவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மேட்ச் நடந்தது ஜூலை பதினெட்டு, சாயங்காலம் நாலு மணி.”

“ஆமா. என்னா சேவ் தெரியுமா?”

“அதே ஜூலை பதினெட்டு, காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இங்க பேக்கிங்ல இருந்ததா கார்டு சொல்லுதே?”

வரதராஜனுக்கு பிஸ்கட் தொண்டையில் நின்றது. மேட்ச் உள்ள நாட்களில் ஜெபகுமாரின் கார்டை அவன் கூட்டாளி கன்னியப்பன் பஞ்ச் செய்வது வழக்கம். அப்படிச் செய்யச் சொன்னதே வரதராஜன்தான். கார்டு பொய் என்றால் அவர் வேலை போகும்.

“பேப்பர்காரன் வேற யார் படத்தையோ போட்டுட்டான் போல,” என்றார்.

“அப்ப பால் புடிச்சது இவரில்ல?”

“இவன்தான். ஆனா அன்னிக்கு இல்ல.”

நாகப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “சார், இந்தப் பையன் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருந்திருக்கான். நான் தேடிப் போன எடத்துல மட்டுந்தான் இல்ல.”

தாளில் அடுத்த வரி ஏறியது: ஆள் யார் என்பதில் ஐயம் உள்ளது. ஆனாலும் நாகப்பன் நல்ல மனுஷர். “ஞாயித்துக்கிழமை வூட்டாண்ட வரேன். தெரிஞ்சவங்க நாலு பேரு வந்து இவன்தான்னு சொல்லட்டும். முடிச்சுடலாம்,” என்றார்.

நாகப்பன் வெளியே போகையில் கேட்டில் தன்பகதூர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்து, “சார், லீவு லெட்டர்...” என்றார். வரதராஜன் முறைத்ததைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்குப் பதில் தெருவே வந்திருந்தது. பூசை முடிந்த கையோடு மெர்சி எல்லாரையும் கூட்டி வந்துவிட்டாள். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு இன்று ஈடு கட்டிவிட வேண்டும் என்று துடித்தாள்.

“இதான் சார் எம்புள்ள,” என்று ஜெபகுமாரை நாகப்பன் முன்னால் தள்ளினாள். “பத்து மாசம் சொமந்தேன்.”

“சாட்சியா நாங்க கீறோம்,” என்றது தெரு.

நாகப்பனின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். எல்லாம் நல்லபடியாக முடிய ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மெர்சிக்கு மனசு உருகிவிட்டது.

“ரொம்ப நல்ல பையன் சார். அந்தப் பல்லு விசயத்துலகூட அவன் மேல தப்பே கிடையாது.”

பேனா நின்றது. “எந்தப் பல்லு?”

ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டான். தெருவில் ஆளாளுக்குப் பல்லின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்கள். விழுந்தது ஒன்றா ஒன்றரையா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நாகப்பன் புதுத்தாள் ஒன்றை எடுத்தார்.

“இத விசாரிக்காம நான் ஒண்ணும் எழுத முடியாதும்மா. பல்லு போனவரப் பாக்கணும். பத்து நாளாவது ஆவும்.”

பல்லுக்காரன் புகாரே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. தில்லி வண்டி மெட்ராஸ் சென்ட்ரலில் ராத்திரி பத்து மணிக்கு. மணி நாலேகால் ஆகியும் பாஸ்போர்ட் வரவில்லை, வரவும் போவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த ஜெபகுமார், வரதராஜனோடு கேட்டருகில் நின்றான். சட்டைப் பையில் கேன்சல் செய்யாத டிக்கெட் இருந்தது.

“என்ன பண்றது ஜெபா. அடுத்த வருஷம் பாக்கலாம்,” என்றார் வரதராஜன். தில்லிக்கு அனுப்ப வேண்டிய தந்தி வாசகத்தை இங்கிலீஷில் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

தன்பகதூர் அன்று காக்கியில் இல்லை. சலவைச் சட்டையும் தகரப்பெட்டியுமாக நின்றார். மதியம்தான் லீவு கையெழுத்தாகியிருந்தது. அவருக்கும் அதே பத்து மணி வண்டி.

“சத்திரம் வழியாத்தானே போற? இதத் தந்தியாபீஸ்ல குடுத்துட்டுப் போ,” என்று தாளை நீட்டினார் வரதராஜன்.

லாரி சலான்களைப் படித்துப் படித்து தன்பகதூருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். “பாஸ்...போர்ட்... நாட்... ரி...சீவ்டு. அன்...ஏபிள்... கம்... காட்மாண்டு.”

கடைசி வார்த்தையை மட்டும் திக்காமல் படித்தார்.

“ஜெபா போற ஃபாரின் இதுவா சார்?”

“ஆமாய்யா. அதான் பாஸ்போர்ட் இல்லாம நின்னு போச்சு.”

தன்பகதூர் தந்தித்தாளை நாலாக மடித்து வரதராஜன் கையிலேயே வைத்தார். தகரப்பெட்டியை ஒரு கையிலும் ஜெபகுமாரின் பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டார்.

“பன்னெண்டு வருஷமா தசராவுக்கு நான் போற ஊரு அதுதான் சார். இந்த லீவு லெட்டருக்குத்தான் ஒரு மாசம் நாயா அலைய வேண்டி இருக்குது. பாஸ்போர்ட்ட இது வரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல.”