மாவண்ணையும் தண்ணீர் மில்லும்

ஆக்லாந்தில் பாக்கெட் மாவைப் பரம்பரை எதிரியாகப் பார்த்த ஒரே மனிதர் மாவண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, பிளாட் புஷ்ஷில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். நிஜப் பெயரைக் கேட்க நான் மறந்தே போனேன். கடையில் மாவுப் பாக்கெட்டைக் காதோரம் குலுக்கி, "அரைச்சுக் கனகாலம்" என்று தீர்ப்பு சொல்வார். கடைக்காரர் அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

எங்கள் மகளுக்கு முதல் பல் முளைத்த சமயம். மதுரையிலிருந்து வர இருந்த மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. என் மனைவி கலா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், இந்த ஊரில் நமக்கென்று யாருமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மாவண்ணை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பல்லுக்கொழுக்கட்டை கொட்டேல்லையோ?"

"அப்படின்னா?"

"கொழுக்கட்டை அவிச்சுப் பிள்ளையின்ர தலையில கொட்டுறது. பல்லு ஒழுங்கா வரும். ஞாயிற்றுக்கிழமை வைப்பம். அரிசி மா என்ர பொறுப்பு."

கலா சிரித்துவிட்டாள். இனி அந்த ஞாயிறு நடந்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு, தண்ணீரில் ஓடும் ஒரு பழைய மாவு மில்லுக்குப் போனார். இப்போது அது பூங்கா. ஓடையில் வாத்து, புல்வெளியில் பிக்னிக், நிஜமாகவே சுற்றும் பெரிய சக்கரம். நான் போட்டோ எடுக்கப் போனேன். அவர் டிக்கியிலிருந்து ஐந்து கிலோ ஊறிய அரிசியை, பழைய வேட்டியில் கட்டியபடி இறக்கினார்.

"அண்ணே, இது சும்மா பார்க்க வச்சிருக்குற மில்லு."

"பார்க்க வைச்சதெண்டால் ஏன் சுத்துது?"

நான் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். மில்லை ஓட்டும், ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈர அரிசி கல்லில் பசையாக அப்பிக்கொள்ளும், கோதுமை மட்டும்தான் என்றார். மாவண்ணை அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் பெரியவர், கண்ணெதிரே அரைத்த கோதுமை மாவை இளஞ்சூட்டோடு அவர் கையில் வைத்தார். மாவண்ணை முகர்ந்து பார்த்தார். வாதம் முடிந்தது.

"தம்பி, இதெல்லோ மா."

"அரிசி மாவு வேணும்னீங்களே அண்ணே? பாக்கெட் வாங்கிடலாம்" என்றாள் கலா.

"முதல் பல்லுக்குப் பழைய மாவோ தங்கச்சி?"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோதுமை மாவில் பிடித்த கொழுக்கட்டை வெந்தது, ஆனால் இளகவில்லை. கைதவறிய ஒன்று தரையில் டக்கென்று விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டோடியது. இதைப் பிள்ளையின் தலையில் எப்படிக் கொட்டுவது? கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாவண்ணை மகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குடையாக விரித்தார்.

"இப்ப கொட்டுங்கோ தங்கச்சி."

கலா கொட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுளித்தார், மகள் கைதட்டிச் சிரித்தாள். ஒரு கொழுக்கட்டைகூட அவள் தலையில் படவில்லை.

இந்த ஊரில் நமக்கென்று யாருமில்லை என்று கலா அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.