தகர ஊதுகுழலும் மூணு மணி நிறுவையும்

ஒரு கிலுகிலுப்பை வாங்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

எங்க மக சரசுக்கு அப்ப ஒண்ணரை வயசு. என் சம்சாரம் லெச்சுமி தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது புள்ளைய தோட்டத்துப் புள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவா. அங்க இருந்த ஆயம்மாதான் எல்லாப் புள்ளைங்களையும் பாத்துக்குவாங்க. வேலைக்குப் போற வழியில நானும் தினம் எட்டிப் பாத்துக் கொஞ்சிட்டுப் போவேன். மத்த புள்ளைங்க பால் குடிச்சிட்டுத் தூங்கும். எங்க புள்ளை காலையில அழ ஆரம்பிச்சா, அம்மா மலையை விட்டு எறங்குற வரைக்கும் நிறுத்தாது.

கடைசில ஆயம்மா சொல்லிட்டாங்க. "லெச்சுமி, இது ஒண்ணு அழுதா மத்ததெல்லாம் சேந்து அழுவுது. ஏதாவது சத்தம் வர்ற சாமான் வாங்கிக் குடு. இல்லாட்டி நாளையில இருந்து நீயே வீட்டுல வச்சுப் பாத்துக்க."

வீட்டுல இருந்தா லெச்சுமிக்கு வேலை போன மாதிரிதான். அதனால விஷயம் கொஞ்சம் பெரிசு.

நான் பேக்டரில கொழுந்து அரைக்கிற மிஷின்ல வேலை. முந்தின நாள் மிஷின் பெல்ட் அறுந்துபோய் எங்கள வீட்டுல இருக்கச் சொல்லியிருந்தாங்க. லெச்சுமி கூடைய மாட்டிக்கிட்டே சொன்னா.

"அட்டன் டவுனுக்குப் போயி ஒரு கிலுகிலுப்பை வாங்கிட்டு வாங்க. வேற ஒண்ணும் வாங்காதீங்க."

அவ சொன்ன ரெண்டாவது வாக்கியம் எனக்கு அவ்வளவு முக்கியமாப் படல.

ஏன்னா நான் கோயில் பஜனைல ஜால்ரா போடுறவன். சங்கீதம் தெரிஞ்ச வீட்டுப் புள்ளைக்குக் கிலுகிலுப்பையா? நாலு பேர் என்ன நினைப்பாங்க? என் ஜால்ராவைப் பத்தி அந்த நாலு பேரும் என்ன நினைச்சாங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல, அது வேற விஷயம்.

அட்டன்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு முஸ்லிம் நானாவோட கடை. வாசல்லயே ஒரு பொட்டி நிறைய கிலுகிலுப்பை. ஒண்ண எடுத்து ஆட்டியிருந்தா அஞ்சு நிமிசத்துல வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.

நான் உள்ள போனேன்.

"நானா, புள்ளைக்கு வாசிக்கிற மாதிரி ஏதாச்சும் காட்டுங்க."

"வயசு எத்தின?"

"ஒண்ணரை."

"அப்ப கிலுகிலுப்பைதான். வாசல்ல இருக்கு."

"அதுல சுருதி இல்லையே நானா."

நானா என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாரு. உள்ள போயி ஒவ்வொண்ணாக் கொண்டாந்து வச்சாரு. சின்ன தகர மேளம். தட்டிப் பாத்தேன், எழவு வீட்டு ஞாபகம் வந்துச்சு, வேணாம்னேன். வாயில வச்சு ஊதுற ஆர்மோனியம். ஊதிப் பாத்தேன், மூச்சு முட்டுச்சு. சாவி குடுத்தா தாளம் போடுற குரங்கு. அதோட தாளம் என் தாளத்தை விட சுத்தமா இருந்துச்சு. அதையும் வேணாம்னுட்டேன்.

அதுக்குள்ள வாசல்ல ஒரு கூட்டம். கச்சேரின்னு நினைச்சிருப்பாங்க.

நானா மெதுவாக் கேட்டாரு. "சாமான் புள்ளைக்கா, ஒங்களுக்கா?"

அப்பதான் சுவத்துல தொங்குன அந்தத் தகர ஊதுகுழலைப் பாத்தேன். செவப்பும் மஞ்சளும் பூசி, முழங்கை நீளத்துக்கு இருந்துச்சு. எடுத்து ஊதினேன். எதிர்க்கடையில தூங்கிக்கிட்டிருந்த ஆளு எந்திரிச்சு உக்காந்தாரு.

"இதுதான்"னேன்.

"புள்ளைக்கு இது கூடாது"ன்னாரு நானா. வித்தா போதும்னு நினைக்கிற ஒரு கடைக்காரரே வேணாம்னு சொல்றாரு. மூளை இருக்குறவன் அங்க யோசிச்சிருப்பான். நான் காகிதத்துல சுத்தித் தரச் சொன்னேன்.

பஸ்ல கடைசி சீட்டு. டிக்கோயா தாண்டுன பிறகு ஒரு சந்தேகம். கடையில வந்த சத்தம் இப்பவும் வருமா? வழியில நசுங்கியிருந்தா என்ன பண்றது?

ஜன்னல் பக்கமாத் திரும்பி சின்னதா ஒண்ணு ஊதினேன்.

டிரைவர் உடனே பஸ்ஸை ஓரங்கட்டுனாரு. பின்னால லாரி வருதுன்னு நினைச்சு கையை வெளிய நீட்டி, போ போன்னு காட்டுனாரு. எதுவும் போகல. கொஞ்ச நேரம் பாத்துட்டு பஸ்ஸை எடுத்தாரு.

நானும் பின்னால திரும்பிப் பாத்தேன், ஏதோ லாரியைத் தேடுற மாதிரி.

நல்ல மனுசனா இருந்தா இதோட விட்டிருப்பான். ஆனா முதல் சத்தம் கொஞ்சம் பிசிறடிச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த வளைவுல இன்னொரு தடவை ஊதிப் பாத்தேன். பஸ் மறுபடி ஓரங்கட்டி, இந்த முறை சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள எறங்குற அளவுக்குப் போயிருச்சு.

கண்டக்டர் நேரா என்கிட்ட வந்தாரு. சிங்கள ஆளு. கோவமாப் பேசல. ஊதுகுழலைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, கதவைக் காட்டுனாரு.

"பஹின்ன."

எறங்குன்னு அர்த்தம். எறங்கிட்டேன். மிச்ச தூரம் நடைதான்.

புள்ளைக்காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது மணி மூணு இருக்கும். சரசு அழுகை ரோட்டுக்கே கேட்டுச்சு. ஆயம்மா அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாங்க.

"வாங்கிட்டு வந்தீங்களா?"

காகிதத்தைப் பிரிச்சேன்.

"என்னங்க இது?"

"கேளுங்க, அப்புறம் சொல்லுங்க"ன்னுட்டு ஊதினேன். சரசு இன்னும் வேகமா அழுதா. சத்தம் போதலைன்னு எனக்குத் தோணுச்சு. மூச்சை இழுத்து, அடிவயித்துல இருந்து நீளமா ஊதினேன். எதிர்மலையில முட்டித் திரும்பி வந்துச்சு.

புள்ளை அழுகையை நிறுத்திருச்சு.

ஆயம்மாவைப் பெருமையாப் பாத்தேன். அவங்க என்னைப் பாக்கல. மலையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. சரசும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.

மலையில இருந்து பொம்பளைங்க வரிசையா எறங்கி வந்துக்கிட்டிருந்தாங்க.

எங்க தோட்டத்துல சாயங்காலம் நாலரைக்குக் கொம்பு ஊதுவாங்க. அதைக் கேட்டாத்தான் கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரணும். நான் ஊதுனதும் அதே மாதிரிதான் கேட்டிருக்கு. அரைக்கூடைக் கொழுந்தோட அம்பது அறுபது பேரு. பின்னாலயே கங்காணி, கடிகாரத்தைக் காதுல வச்சு ஓடுதான்னு பாத்துக்கிட்டே வர்றாரு.

புள்ளைக்காம்பராவுக்கு எதிர்லயே இருந்த மடுவத்துல தராசு இல்ல, கணக்கப்பிள்ளை இல்ல. அந்த நேரம் பாத்து மோட்டார் சைக்கிள்ல வெள்ளைக்காரத் தொரை வந்து நின்னாரு.

"கொம்பு யாரு ஊதுனது?"

எல்லாரும் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. நான் ஊதுகுழலை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, கூட்டத்தோட சேந்து நானும் யாருன்னு தேடுனேன்.

சரசு விரலை நீட்டி, "அப்பா"ன்னா.

அதுவரைக்கும் அவ அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. சந்தோசப்படுறதா, ஓடுறதான்னு தெரியல. கூட்டத்துல லெச்சுமி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா.

தொரை ஊதுகுழலை வாங்கி மோட்டார் சைக்கிள்ல சொருகிக்கிட்டாரு. அதுக்குள்ள ஓடி வந்த கணக்கப்பிள்ளைகிட்ட இங்கிலீசுல ஏதோ சொன்னாரு. அவரு எனக்குத் தமிழ்ல சொன்னாரு.

"ஒனக்கு இன்னிக்கு வேலை இல்லாததுதான் பிரச்சினையாம். கூடையை எடுத்துக்கிட்டு இவங்களோட மலைக்கு ஏறு."

தலையில கயிறு மாட்டி, முதுகுல கூடையோட நானும் நிரையில நின்னேன். பக்கத்து நிரைப் பொண்ணு ரொம்ப மரியாதையாச் சொன்னா. "அண்ணே, கொழுந்த மட்டும் கிள்ளுங்க. மரத்தை விட்டுருங்க, நாளைக்கும் எடுக்கணும்."

லெச்சுமி முன் நிரையில இருந்தா. திரும்பியே பாக்கல. செடியைப் பாத்துக்கிட்டே கேட்டா.

"அந்தக் கடையில கிலுகிலுப்பை இல்லையா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"வாசல்லயே."

அவ அடுத்த செடிக்கு நகந்துட்டா. ராத்திரி சோத்தைத் தட்டுல போட்டு என் பக்கம் தள்ளுனதோட சரி.

மறுநாள் லெச்சுமி புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பயந்து பயந்து போனா. ஆயம்மா மறுக்காம வாங்கிக்கிட்டாங்களாம். ஒரே ஒரு நிபந்தனை, புள்ளையோட அப்பா அந்தப் பக்கமே வரக்கூடாது.

இப்ப சரசு அழுறதே இல்லையாம். முன்னாடியே அவரை இந்தப் பக்கம் வராம நிறுத்தியிருக்கலாம்னு ஆயம்மா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க.