ராசியில்லாத மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. நீங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, அது அடுத்தவன் வாழ்க்கையில் என்ன பாடு படுத்துகிறது என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பது உங்களுக்குக் கைவந்த கலை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது வருத்தம் மட்டும்தான். அதை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும், உங்களை விட்டால் அதற்குப் பொருத்தமான ஆள் வேறு யாரும் இல்லை.

உங்கள் தங்கை கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஆன முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? மூன்றாவது வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்வதற்குள் இரண்டு செட் முடிந்திருந்தது, இரண்டும் நமக்கு. நான் உட்கார்ந்தேன். மிச்ச மூன்று செட்டும் எதிரணிக்குப் போயிற்று. அது அவர்கள் திறமை. ஆனால் வெளியே வரும்போது நீங்கள் என் தோளைத் தட்டி, "மாப்ள வந்து உக்காந்தாரு, ஆட்டம் கவுந்துடுச்சு" என்றீர்கள். சிரிக்கத்தான் சொன்னீர்கள், நானும் சிரித்தேன். நமக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த அணித் தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தன்று கடையில் கூட்டம், என்னால் போக முடியவில்லை. அணி ஜெயித்தது. அவ்வளவுதான், என் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. விளையாடுகிறவர்களின் நம்பிக்கைகள் உங்களுக்குத் தெரியாது மச்சான். இடது கால் ஷூவை முதலில் போட வேண்டும், ஜெயித்த அன்று போட்ட சாக்ஸைத் துவைக்கக் கூடாது, மேடம் வீட்டு அங்கிள் உள்ளே வரக் கூடாது. படிப்பு முடிந்து போகிறவர்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அன்று அந்த அணித் தலைவி போய்ச் சொன்னதைக் கேட்ட பெண்களுக்கு இப்போது கல்யாணமாகி, அவர்கள் பிள்ளைகளுக்கு நான் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். பணம் கட்டிவிட்டு, "அங்கிள், இப்பவும் நீங்க உள்ள போறதில்லதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு போகிறார்கள்.

ஆரம்பத்தில் உங்கள் தங்கை கூப்பிடத்தான் செய்தாள். "அதுங்க சின்னப் பொண்ணுங்க, எதையாவது சொல்லும். நீங்க வாங்க" என்பாள். நான்தான் பெரிய தியாகி மாதிரி, "வேணாம்மா, உன் வேலை முக்கியம்" என்பேன். சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். ஒரு நாள் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, கவனிக்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து மருகுகிறேன்.

ஆனால் ஜெயித்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் கோப்பை வைக்க இடமில்லை. ஒன்றில் சாவிகள், ஒன்றில் குடை, ஒன்றில் யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிகள். எங்களுக்குள் வாக்குவாதம் சூடுபிடித்தால் ஒரு கையை நிமிர்த்தி மறு கையை அதன்மேல் படுக்கவைத்து "டைம் அவுட்" என்பாள். அரை நிமிஷம் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்குள் என் பக்கம் என்ன நியாயம் இருந்தது என்பது எனக்கே மறந்துபோகும். அணி ஏன் ஜெயிக்கிறது என்று ஓரளவு எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

ஆட்டத்துக்கு அவளைக் காரில் கொண்டுபோய் விடுவது நான். விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாகத்தான் உலகம் நினைத்தது. போகவில்லை மச்சான். விளையாட்டுக் கூடத்தின் பின்பக்கச் சுவரில் உயரத்தில் ஒரு ஜன்னல் உண்டு, அதன் கீழே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பந்து கையில் பட்டால் ஒரு சத்தம், தரையில் விழுந்தால் ஒரு சத்தம். எந்தப் பக்கத்துக் கூட்டம் கத்துகிறது என்று கேட்டுப் புள்ளிக் கணக்குச் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. அவள் குரல் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் இவ்வளவு பேசுகிறவள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற நான், கட்டிய மனைவி வேலை செய்வதைப் பார்த்ததில்லை. இதைவிடக் கேவலம் ஒரு கண்ணாடிக் கடைக்காரனுக்கு உண்டா?

போன சனிக்கிழமை அவளுடைய கடைசி ஆட்டம், இறுதிப் போட்டி. அத்துடன் ஓய்வு. காலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "இன்னைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொண்ணுங்க பயப்படுவாங்களே" என்றேன். "சரி" என்று பையை எடுத்துக்கொண்டாள். அந்தச் சரியில் சண்டை இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை.

ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். முதல் இரண்டு செட் போயிற்று, அடுத்த இரண்டும் நமக்கு வந்தது, ஐந்தாவது செட் தொடங்கியபோது என் கால் தானாகக் காரைவிட்டு இறங்கிவிட்டது. பின்வாசலில் ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர்கள் விழுந்து புரண்டால் தரையில் சொட்டுகிற வேர்வையைத் துடைக்கிறவர் அவர். என்னை யாரென்று நினைத்தாரோ, "அண்ணே, வயிறு பிசையுது. செத்த நேரம் என் எடத்துல உக்காருங்க, சும்மா உக்காந்தா போதும்" என்று தொப்பியையும் துணியையும் நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை, வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பார்த்தேன் மச்சான். அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு குதிகால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. தப்புச் செய்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு வந்த ஒரு பெண்ணின் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுத் திரும்ப ஓடினாள். என்ன வார்த்தை என்று என் காதில் விழவில்லை. அதைக் கேட்பதற்காக நான் வயிற்று வலிக்காரருக்குப் பதிலாக வருஷக்கணக்கில் தரை துடைத்திருப்பேன்.

அப்போது எதிரணிக்கு ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி, நாம் ஒரு புள்ளி பின்னால். அவர்கள் பெண் சர்வீஸ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். நடுவர் விசிலடித்து என்னைக் கைகாட்டினார், நம் அணியின் இப்போதைய தலைவி விழுந்த இடத்தில் ஈரம். நான் ஓடிப்போய் மண்டிபோட்டேன். இங்கேதான் தொழில்புத்தி என்னைக் கெடுத்தது. ஒரு துடை துடைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. வாயால் ஊதினேன், வட்டமாகத் துடைத்தேன், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது, மறுபடி ஊதினேன். கூட்டம் சிரித்தது. எதிரணிப் பயிற்சியாளர், பெரிய மீசைக்காரர், "யோவ், அது தரையா மொகம் பாக்கற கண்ணாடியா?" என்று கத்தினார். குனிந்ததில் தொப்பி விழுந்தது. நிமிர்ந்தால் எதிரே அணித் தலைவி. "அங்கிளா!" என்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் உங்கள் தங்கை எழுந்து நின்றிருந்தாள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவ்வளவு நேரம் காத்து நின்றதில் அந்த எதிரணிப் பெண்ணின் கை ஆறிப்போயிருக்க வேண்டும், சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. அடுத்த இரண்டு புள்ளியும் நமக்கு. ஜெயித்துவிட்டோம்.

எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்காக. என் கண் முன்னால் ஜெயித்துவிட்டார்களே மச்சான். அப்படியென்றால் நீங்கள் சொன்னது சுத்தப் பொய். என் ராசியில் ஒரு கோளாறும் இல்லை. அன்று தோற்றிருந்தால், இத்தனை வருஷம் வெளியே நின்றதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை. மழையிலும் வெயிலிலும் அந்த ஜன்னலுக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தது எதற்காக? உங்களுடைய ஒரு நகைச்சுவைக்காக.

திரும்பி வரும்போது கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது, "அந்த ஜன்னலுக்குக் கீழ கார் நிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் விடாம கூப்பிட்டிருக்கணும்" என்றாள். "நீ கூப்பிட்டப்ப நான் வந்திருக்கணும்" என்றேன். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டைம் அவுட் என்று கை காட்டிவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரை நிமிஷத்துக்கு மேலாயிற்று. சிக்னல் விழுந்தது, காரை எடுத்தேன்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லாச் செல்வமும் பெற்று, வாய் மட்டும் உங்களைப் போல் இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத
தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. மீசைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். அனுமதியில்லாத ஆள், அதுவும் பயிற்சியாளரின் புருஷன், வேண்டுமென்றே தரையைத் தேய்த்து ஆட்டத்தைக் கெடுத்தாராம். வெற்றி செல்லாது, ஐந்தாவது செட்டை வருகிற சனிக்கிழமை மறுபடி ஆட வேண்டும். ஆக நான் உள்ளே போனேன், கையில் வந்த கோப்பை போயிற்று. மேலே உங்களைப் பொய்யர் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

பெண்கள் எல்லோரும் வீட்டுக்கே வந்து, "அங்கிள், சனிக்கிழம மட்டும் வந்துடாதீங்க" என்று கெஞ்சினார்கள். நான் சரி என்று சொல்வதற்குள் உங்கள் தங்கை உள்ளேயிருந்து வந்து, "வருவாரு. தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றாள். மூன்றாவது வரிசையில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்று உங்களுக்கு. வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்து வெளியே வரும்போது மட்டும் தயவுசெய்து எதுவும் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை தாமதமாகக் கூடாது, அன்று நான் கடையே திறக்கப்போவதில்லை.